வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் முதல் பருவம்: சென்னையிலிருந்து செல்லும் மாணவர்களுக்கு

வெளிநாட்டில் படிக்கச் செல்லும் சென்னை மாணவர்கள், விசா கைக்கு வரும்வரை காட்டும் கவனத்தில் பாதியைக்கூட, அங்கே போய்ச் சேர்ந்த பிறகு வரும் முதல் பருவத்துக்குக் காட்டுவதில்லை. எந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பது, வங்கியில் எவ்வளவு இருப்புக் காட்டுவது, நேர்காணலில் என்ன பேசுவது என்று சொல்லித்தர நுங்கம்பாக்கத்திலும் அண்ணா நகரிலும் கன்சல்டன்சிகள் வரிசையாக இருக்கின்றன. விமானம் ஏறியதும் அவர்களுடைய வேலை முடிந்துவிடுகிறது. மாணவருடைய வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது. கல்விக் கடனும், பல வீடுகளில் அம்மாவின் நகையும் இதில் அடங்கியிருப்பதால், அந்த முதல் நான்கைந்து மாதங்களை எப்படிக் கடப்பது என்பதைப் புறப்படும் முன்பே யோசித்து வைத்துக்கொள்வது அவசியம் என்று உறுதியாக நினைக்கிறேன்.

நம் கல்லூரிகள் மாணவரை விடாமல் பின்தொடர்கின்றன. வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் துறைத்தலைவர் கூப்பிட்டு அனுப்புகிறார். இன்டர்னல் மதிப்பெண் குறைந்தால் வகுப்பு ஆசிரியர் வீட்டுக்கே போன் செய்கிறார். தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள் எது என்று வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் திரும்பத் திரும்ப நினைவூட்டுகிறார்கள். இப்படிப் பழகியவர்கள், யாரும் எதுவும் சொல்லாதவரை எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்று நம்பிவிடுகிறார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் உதவுவதற்கு ஆட்கள் நிறையவே உண்டு. பன்னாட்டு மாணவர் அலுவலகம், கல்வி ஆலோசகர், கட்டுரை எழுதச் சொல்லித்தரும் மையம், மனநல ஆலோசகர், துறைக்கென்று ஒரு நூலகர் என ஒவ்வொன்றுக்கும் அதற்கென்றே நியமிக்கப்பட்டவர் இருக்கிறார். ஆனால் அவர்கள் தேடி வர மாட்டார்கள். போய்க் கேட்டவருக்குத்தான் உதவி கிடைக்கும். நான் பார்த்தவரையில், அங்கே தடுமாறும் நம் பிள்ளைகள் அறிவுக் குறைவால் தடுமாறுவதைவிட, கேட்கக் கூச்சப்பட்டுத் தடுமாறுவதே அதிகம். ஆகவே இந்த வழிகாட்டியில் எதைச் சொன்னாலும், யாரிடம் எப்போது கேட்பது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

புறப்படும் முன் சென்னையில்

காகித வேலைகளில் முதலாவது டிரான்ஸ்கிரிப்ட், அதாவது எல்லாப் பருவங்களின் மதிப்பெண்களும் அடங்கிய பல்கலைக்கழகச் சான்று. சேர்க்கைக்குத் தேவையானதற்கு மேல் இரண்டு மூன்று உறையிட்ட பிரதிகளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறவோ ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பிக்கவோ நேர்ந்தால், கிண்டிக்கும் சேப்பாக்கத்துக்கும் அலைய வேண்டியவர் உங்கள் அப்பாவாக இருப்பார்.

அடுத்தது கைப்பேசி எண். வங்கியின் ஓடிபி, ஆதார், வருமான வரிக் கணக்கு எல்லாம் இந்திய எண்ணோடுதான் பிணைந்திருக்கின்றன. அந்த எண்ணுக்கு வெளிநாட்டிலும் குறுஞ்செய்தி வந்து சேருமா என்று நிறுவனத்திடம் கேட்டு, ரோமிங் வசதியைச் செயல்படுத்திக்கொண்டு, ரீசார்ஜ் செய்யும் பொறுப்பை வீட்டில் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட வேண்டும். படிக்கச் செல்பவரும் அந்நியச் செலாவணி விதிகளின்படி வெளிநாடு வாழ் இந்தியராகவே கருதப்படுவதால், இங்குள்ள சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாடு வாழ்வோர் இந்தியாவில் வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு) மாற்றிக்கொள்வது பற்றியும் வங்கிக் கிளையில் ஒரு முறை பேசிவிடுங்கள். கல்விக் கடனின் அடுத்த தவணையை விடுவிக்க வங்கிக்கு மதிப்பெண் பட்டியல் தேவையா, கட்டண ரசீது போதுமா என்பதையும் அதே நாளில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம்.

சமையல், துணி துவைத்தல், தானே விழித்தெழுதல் ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புறப்படுவதற்கு முந்தைய மாதத்தில் ஒரு வாரம் முழுக்க வீட்டார் உதவியில்லாமல் இவற்றைச் செய்து பார்த்தால், எதில் குறை என்று தானாகத் தெரிந்துவிடும். பலரும் தவறவிடும் பயிற்சி வேறொன்று. கோட்டூர்புரத்தில் 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ வீட்டிலோ உட்கார்ந்து, உங்கள் துறையின் ஆய்விதழில் வந்த கட்டுரை ஒன்றை முழுவதும் படியுங்கள். படித்து முடித்ததும் அதை மூடி வைத்துவிட்டு, அதன் வாதம் என்ன, சான்று என்ன, எந்த இடத்தில் உங்களுக்கு உடன்பாடில்லை என்று உங்கள் சொந்தச் சொற்களில் ஒரு பக்கம் எழுதுங்கள். வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் இரண்டு மாதம் செய்தாலே, அங்கே முதல் கட்டுரையை ஒப்படைக்கும்போது கை நடுங்காது.

குளிர்கால உடைகளை இங்கேயே மொத்தமாக வாங்கிக் குவிக்க வேண்டாம். சென்னைக் கடைகளில் கிடைக்கும் ஜாக்கெட், ஊட்டிக்குப் போதும், உறைபனிக்குப் போதாது. முதல் சில நாட்களுக்கு ஒன்று இருந்தால் போதும், மீதியை அந்த ஊரில் பழைய துணிகள் விற்கும் கடைகளில் குறைந்த விலைக்கு வாங்கலாம்.

போய்ச் சேர்ந்த முதல் இரண்டு வாரங்கள்

ஜெட்லாக் தெளிவதற்குள் சில சட்டக் கடமைகள் வந்து நிற்கும். ஜெர்மனியில் குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அமெரிக்காவில் எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவில் இருப்பவர் முகவரி மாறினால் 10 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் வந்திறங்கிய 7 நாட்களுக்குள் முகவரியைக் கல்வி நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். பிரிட்டனுக்குச் செல்பவர்கள் விசாவுடன் ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கூடுதல் கட்டணம் கட்டிவிட்டுத்தான் போகிறார்கள். ஆனால் பலர் அருகிலுள்ள பொதுமருத்துவரிடம் பெயரைப் பதிவு செய்வதில்லை. பதிவுக்குக் கட்டணம் கிடையாது. காய்ச்சல் வந்த பிறகு தேடாமல், உடல்நலம் நன்றாக இருக்கும்போதே இதை முடித்துவிட வேண்டும்.

நேரில் பார்க்காத அறைக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். சாவியைத் தபாலில் அனுப்புகிறேன், வெளியூரில் இருக்கிறேன், இன்றே பணம் கட்டினால்தான் அறை கிடைக்கும் என்று எந்த வீட்டு உரிமையாளர் சொன்னாலும் விலகிவிடுங்கள். முதல் மாதத்துக்குப் பல்கலைக்கழக விடுதியோ தற்காலிகத் தங்குமிடமோ செலவு கூடுதலாக இருந்தாலும், ஏமாறுவதைவிட அது மலிவு. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அதைப் பல்கலைக்கழகத்தின் வீட்டுவசதிப் பிரிவிலோ மாணவர் சங்கத்திலோ காட்டி விளக்கம் கேட்கலாம். பல இடங்களில் இதை இலவசமாகவே செய்து தருகிறார்கள்.

படிப்பு: இங்கேதான் பழக்கங்கள் மாற வேண்டும்

நம் ஊரில் சிலபஸ் என்பது ஐந்து யூனிட்டுகளின் தலைப்புப் பட்டியல். தேர்வு நெருங்கும்போது அதைக் கையில் எடுத்து, இரண்டு மதிப்பெண் வினா, பதின்மூன்று மதிப்பெண் வினா என்று பிரித்துப் படித்துத் தேறிவிடலாம். அங்கே முதல் வாரத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் தரப்படும் ஆவணத்தில், எந்த வாரம் எதைப் படித்துவிட்டு வர வேண்டும், எந்தக் கட்டுரைக்கு எத்தனை விழுக்காடு, தாமதமானால் எவ்வளவு மதிப்பெண் கழிப்பார்கள், வகுப்பில் பேசுவதற்கு மதிப்பெண் உண்டா, சாட்ஜிபிடி போன்ற கருவிகளை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கும். அதை வரிவரியாகப் படியுங்கள். பிறகு எல்லாப் பாடங்களின் ஒப்படைப்புத் தேதிகளையும் ஒரே நாட்காட்டியில் குறியுங்கள். நான்கு பாடங்களின் வேலையும் ஒரே வாரத்தில் வந்து குவிவது அப்போதே கண்ணில் பட்டுவிடும். அந்த வாரத்துக்கு மூன்று வாரம் முன்னதாகவே தொடங்கிவிட முடியும். புரியாத வரி ஏதேனும் இருந்தால் அடிக்கோடிட்டு, முதல் வகுப்பு முடிந்ததும் பேராசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.

மதிப்பெண்ணைப் பார்த்து அதிர்ச்சி அடைவது அடுத்த கட்டம். பள்ளியிலிருந்தே 95க்கும் 98க்கும் பழகிய மாணவர், பிரிட்டனில் முதல் கட்டுரைக்கு 62 வாங்கியதும் உடைந்துபோகிறார். அங்கே இளநிலையில் பொதுவாக 40, முதுநிலையில் 50 தேர்ச்சி மதிப்பெண். 70ஐத் தாண்டினால் முதல் வகுப்பு அல்லது தனிச்சிறப்பு. 62 என்பது மதிக்கத்தக்க தொடக்கம். ஜெர்மனியில் அளவுகோலே தலைகீழ்: 1.0 மிகச் சிறந்தது, 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. அமெரிக்காவில் முதுநிலை மாணவர்களுக்கு 4.0 அளவுகோலில் சராசரி 3.0க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான துறைகளில் எச்சரிக்கை வரும். எனவே மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மூடி வைக்காமல், அதனுடன் எழுதித்தரும் கருத்துரையைப் படியுங்கள். அடுத்த கட்டுரைக்கான பாடம் அங்கேதான் இருக்கிறது.

இனிச் சொல்லப்போவதை ஜெர்மனிக்குச் செல்பவர்கள் மிகக் கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டும். சென்னையின் பொறியியல் கல்லூரிகளில் அரியர் என்பது வருத்தம் தருவதே தவிர, முடிவு அல்ல. அடுத்த பருவத்தில் எழுதிக்கொள்ளலாம், அதற்கடுத்தும் எழுதிக்கொள்ளலாம். ஜெர்மனியின் பல பல்கலைக்கழகங்களில் ஒரு கட்டாயப் பாடத்தின் தேர்வை இரண்டு அல்லது மூன்று முறைக்கு மேல் எழுத முடியாது. கடைசி வாய்ப்பிலும் தோற்றால் படிப்பிலிருந்தே நீக்கிவிடுவார்கள். அதே படிப்பில் அந்நாட்டின் வேறொரு பல்கலைக்கழகத்தில் சேரவும் பொதுவாக வழியில்லை. விசாவும் அதோடு கேள்விக்குள்ளாகும். தேர்வுக்குப் பதிவு செய்யவும், தயாராக இல்லாவிட்டால் விலகிக்கொள்ளவும் தனித்தனிக் கடைசி நாட்கள் உண்டு. விலகாமல் தேர்வுக்கும் போகாமல் இருந்தால் அது தோல்வியாகவே கணக்கில் ஏறிவிடக்கூடும். ஆகவே ‘எழுதித்தான் பார்ப்போமே’ என்ற துணிச்சலை மீனம்பாக்கத்திலேயே விட்டுவிட்டு, உங்கள் துறையின் தேர்வு விதிமுறையை முதல் மாதத்தில் படித்து, ஐயத்தைத் தேர்வு அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவிலும் வேறு வகையில் இதே எச்சரிக்கை பொருந்தும். பாடம் கடினமாக இருக்கிறதென்று பன்னாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் ஒரு பாடத்தைக் கைவிட்டு, முழுநேர மாணவருக்குரிய அளவுக்குக் கீழே போனால், விசா நிலையே பறிபோகும்.

பிறர் எழுதியதை எடுத்தாளும் விதத்திலும் நாம் பழகியது வேறு. சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவதை யாரும் இங்கே குற்றமாகப் பார்ப்பதில்லை. நூலில் உள்ளதை அப்படியே எழுதினால் முழு மதிப்பெண் தருவதும் உண்டு. அங்கே இவை இரண்டும் ஒழுங்குமீறல். டர்னிடின் போன்ற மென்பொருள்கள் ஒப்புமையைக் காட்டிவிடும். விசாரணைக்குழு முன் நின்று விளக்கம் சொல்ல நேரும். சொற்களை அங்கங்கே மாற்றிப் போட்டால் போதும் என்று நினைக்கக் கூடாது. கருத்து யாருடையது என்று குறிப்பிட வேண்டும், வாக்கியம் உங்களுடையதாக இருக்க வேண்டும். எழுத்துப் பயிற்சி மையத்தில் அரை மணி நேரம் கேட்டு வாங்கி, முதல் கட்டுரையின் வரைவை எடுத்துச் சென்றால், எந்த இடத்தில் மேற்கோள் விடுபட்டிருக்கிறது என்று உட்கார்ந்து காட்டித் தருவார்கள்.

பேராசிரியர்கள் மாணவர்களைச் சந்திப்பதற்கென்று வாரத்தில் ஒதுக்கும் நேரத்தை நம்மவர்கள் பயன்படுத்துவதே குறைவு. ‘சார் என்ன நினைப்பாரோ’ என்ற தயக்கம் விமானத்தில் கூடவே வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் கதவு திறந்திருப்பது உங்களுக்காகத்தான். போகும்போது, ‘எனக்கு இந்தப் பாடமே புரியவில்லை’ என்று போகாதீர்கள். மூன்றாம் வாரக் கணக்குகளில் ஐந்தாவதை எடுத்துக்கொண்டு, எந்த வரிவரை நீங்களாகச் செய்தீர்கள், எந்த வரியில் நின்றுவிட்டீர்கள் என்று தாளில் காட்டுங்கள். பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். பேராசிரியருக்கு உங்கள் முகமும் நினைவிருக்கும். ஓராண்டு கழித்துப் பரிந்துரைக் கடிதம் வேண்டுமென்று போய் நிற்கும்போது அந்த நினைவுக்கு மதிப்பு உண்டு. மின்னஞ்சல் எழுதும்போது தலைப்பில் பாடத்தின் எண்ணையும், முதல் வரியில் நீங்கள் யார் என்பதையும், இரண்டாவது வரியில் என்ன வேண்டும் என்பதையும், மூன்றாவது வரியில் எந்த நாளுக்குள் என்பதையும் எழுதினால் போதும். மன்னிப்பு, பணிவு, நீண்ட முன்னுரை எதுவும் தேவையில்லை. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பேராசிரியரைப் பெயர் சொல்லி அழைக்கச் சொன்னால் அப்படியே அழைக்கலாம், அது மரியாதைக்குறைவு ஆகாது; ஜெர்மனியில் அவர்களாகச் சொல்லும்வரை பட்டத்தோடு அழைப்பதே நல்லது.

கருத்தரங்க வகுப்பில் பேசுவதற்கு ஒரே வழிதான் எனக்குத் தெரிந்து பயன்பட்டிருக்கிறது: முதல் பத்து நிமிடத்துக்குள் ஏதாவது ஒன்றைக் கேட்டுவிடுவது. நேரம் போகப்போக வாய் திறப்பது கடினமாகிவிடும். உள்ளூர் உச்சரிப்பு முதல் சில வாரங்களுக்குப் பிடிபடாது. மறுபடி சொல்லும்படி கேட்பதை அங்கே யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

பகுதிநேர வேலை

விதி நாட்டுக்கு நாடு வேறுபடும். பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர் பருவகாலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரமும், ஆஸ்திரேலியாவில் இரு வாரங்களுக்கு 48 மணி நேரமும், கனடாவில் வளாகத்துக்கு வெளியே வாரத்துக்கு 24 மணி நேரமும் வேலை செய்யலாம். ஜெர்மனியில் 2024 முதல் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அனுமதி. அமெரிக்காவில் வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம் மட்டுமே. வெளியே அனுமதியில்லாமல் செய்யும் எந்த வேலையும் விசாவுக்கு ஆபத்து. கையில் ரொக்கமாகத் தருகிறேன் என்று அழைப்பவர், நம் ஊர்க்காரரே ஆனாலும், மறுத்துவிடுங்கள். முதல் பருவத்தில் வேலையே தேட வேண்டாம் என்பது என் கருத்து. இயலாதவர்கள் வாரத்துக்குப் பத்து மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அடுப்படியும் அறைத்தோழர்களும்

அமெரிக்காவின் மின்னழுத்தம் 120 வோல்ட். 230 வோல்ட்டுக்குச் செய்த நம் மிக்சி அங்கே ஒழுங்காக ஓடாது. பெட்டியில் மூன்று கிலோவை வீணாக்காதீர்கள். ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் ஓடும், பிளக் மட்டும் வேறு. குக்கர் வாங்கினால் இண்டக்ஷன் அடுப்பில் வைக்கக்கூடிய அடிப்பாகம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பால்கோவா போன்ற பாற்பொருள்களையும் இறைச்சியையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் பிரிட்டனுக்கும் எடுத்துச் செல்ல முடியாது. ஆஸ்திரேலியாவில் பருப்புப்பொடி, ஊறுகாய், விதை எதுவானாலும் வருகைப் படிவத்தில் அறிவித்துவிட வேண்டும். அறிவித்தால் சோதித்துவிட்டு விடுவார்கள் அல்லது எடுத்துக்கொள்வார்கள், மறைத்தால் அபராதம், சில நேரம் விசாவே ரத்தாகும்.

தாளிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எண்ணெய் புகைந்து, கடுகு வெடித்து, காய்ந்த மிளகாய் கருகத் தொடங்கும் அந்த அரை நிமிடத்தில் கூரையில் இருக்கும் புகை உணர்கருவி அலறும். மொத்த விடுதியும் இரவு உடையோடு குளிரில் வெளியே நிற்க நேரும். மிதமான சூட்டில் எண்ணெயை வைத்து, புகைபோக்கி விசிறியை முன்கூட்டியே ஓடவிட்டு, ஜன்னலைத் திறந்து, தாழ்வாரத்தைப் பார்த்த கதவை மூடி, கடுகு போட்டதும் மூடியால் மூடிவிட்டால் இதைத் தவிர்க்கலாம். அலாரம் ஓயட்டும் என்று யாரும் அந்தக் கதவைத் திறக்க வேண்டாம். புகை தாழ்வாரத்துக்குப் போனால் கட்டடத்தின் பொது அலாரமே ஒலிக்கும். கருவியைப் பாலித்தீன் பை போட்டு மூடுவது உயிருக்கும் ஆபத்து, விடுதியிலிருந்து வெளியேற்றவும் அது போதும்.

நான்கு சென்னைப் பிள்ளைகள் ஒரே வீட்டில் தங்குவது சிக்கனம், ஆறுதல். ஆனால் வகுப்பிலும் வீட்டிலும் கடையிலும் அதே நால்வர் என்றால் அந்த நாட்டுக்குப் போனதன் பயன் பாதி குறைந்துவிடுகிறது. வேறு நாட்டு மாணவர் ஒருவராவது வீட்டில் இருப்பது நல்லது. அவருடன் பாத்திரம், குளியலறை, குப்பை, விருந்தினர், இரவுச் சத்தம் பற்றி முதல் வாரத்திலேயே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், அன்று சத்தம் போடுவதையும் விரும்ப மாட்டார்கள்.

கறிவேப்பிலைக்கும் இட்லி அரிசிக்கும் லண்டனின் ஈஸ்ட் ஹாம், டொராண்டோவின் ஸ்கார்பரோ, பாரிஸின் லா சப்பேல் போன்ற பகுதிகளில் ஈழத்தமிழர் கடைகள் இருக்கின்றன. போரினால் ஊரை இழந்து வந்தவர்கள் உழைத்து உருவாக்கிய கடைகள் அவை. கல்லாவில் இருக்கும் அக்காவிடமும் அண்ணனிடமும் இரண்டு வார்த்தை மரியாதையோடு பேசிப் பழகுங்கள். அறை, வேலை, மருத்துவர், கோயில் என்று எதைக் கேட்டாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

மனம் சோரும் மாதங்கள்

நார்வேயைச் சேர்ந்த சமூகவியலாளர் ஸ்வெரே லிஸ்கார்ட், அமெரிக்காவுக்குப் படிக்கவும் ஆய்வு செய்யவும் சென்ற தம் நாட்டவர்களைப் பற்றி 1955இல் எழுதினார். ஆறு மாதத்துக்குக் குறைவாகவோ பதினெட்டு மாதத்துக்கு அதிகமாகவோ தங்கியவர்களைவிட, இடைப்பட்ட காலம் தங்கியவர்களே அதிகம் ஒட்டாமல் இருந்தார்கள் என்பது அவர் கண்டது. பின்வந்த ஆய்வுகள், முதலில் உற்சாகம், இடையில் சோர்வு, பிறகு தேறுதல் என்ற இந்த வரிசை எல்லாருக்கும் பொருந்தாது என்றும், பலருக்குத் தொடக்க வாரங்களே மிகக் கடினம் என்றும் காட்டின. எப்படியானாலும், போன புதிதில் இருந்த உற்சாகம் வடிந்து, எதிலும் பிடிப்பில்லாத நாட்கள் வரும் என்பதை முன்பே தெரிந்து வைத்திருப்பது உதவும். வெளிச்சமும் ஒரு காரணம். சென்னையில் ஆண்டின் மிகக் குறுகிய பகலும் 11 மணி நேரத்தைத் தாண்டும். லண்டனில் டிசம்பரில் 8 மணி நேரம்கூட இருக்காது, நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வகுப்பு இல்லாவிட்டாலும் பகல் வெளிச்சத்தில் தினமும் அரை மணி நேரம் வெளியே நடந்துவிடுங்கள். தீபாவளி வகுப்பு நாளிலும், பொங்கல் பிரிட்டனில் ஜனவரித் தேர்வுகளுக்கு நடுவிலும் வரும். அதை நாட்காட்டியில் முன்னதாகவே குறித்து, அன்று மாலை யாரோடு சேர்ந்து சமைப்பது என்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், வகுப்புக்குப் போக மனம் வராமல் இருந்தால், பல்கலைக்கழகத்தின் மனநல ஆலோசனைப் பிரிவில் நேரம் கேட்டுப் போக வேண்டும். அங்கே பேசுவது ரகசியமாகவே வைக்கப்படும். உடல்நலமோ மனநலமோ படிப்பைப் பாதித்தால் ஒப்படைப்புத் தேதியை நீட்டிக்க வழிமுறை உண்டு. ஆனால் தேதி கடந்த பிறகு கேட்பதைவிட முன்பே கேட்பவருக்கே அது எளிதாகக் கிடைக்கும். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, பிரிட்டனில் 999, ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112, ஆஸ்திரேலியாவில் 000.

சென்னையில் இருக்கும் பெற்றோருக்கு

மகனோ மகளோ எப்படிப் படிக்கிறார் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டால், மாணவரின் ஒப்புதல் இல்லாமல் பொதுவாகப் பதில் தர மாட்டார்கள். எனவே மதிப்பெண்ணை மறைக்கத் தேவையில்லாத உறவை வீட்டிலிருந்தே அமைத்துக்கொள்ளுங்கள். 62 வாங்கினேன் என்று சொல்லும் பிள்ளையிடம், அந்த நாட்டின் அளவுகோலில் அது என்ன என்று முதலில் கேளுங்கள். தினமும் அழைப்பதைவிட, வாரத்தில் இரண்டு நாட்கள் நேரம் குறித்துப் பேசுவது இரு தரப்புக்கும் நிம்மதி. சென்னையில் இரவு ஒன்பது மணி, நியூயார்க்கில் குளிர்காலத்தில் காலை பத்தரை, ஜெர்மனியில் மாலை நாலரை. ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறும், அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளுவார்கள், மார்ச்சில் மீண்டும் முன்னே நகர்த்துவார்கள். பன்னாட்டு மாணவர் அலுவலகத்தின் எண்ணையும், வளாகப் பாதுகாப்புப் பிரிவின் எண்ணையும், அறைத்தோழர் ஒருவரின் எண்ணையும் பிள்ளையிடம் கேட்டு வாங்கி, தாளில் எழுதி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து இரண்டு நாட்கள் பதிலே வராவிட்டால், முதலில் அறைத்தோழரையும் அடுத்து வளாகப் பாதுகாப்புப் பிரிவையும் அழைத்து, அறைக்குப் போய்ப் பார்க்கும்படி கேட்கலாம்.